உன் இஷ்டம்தான், ஆனா...

“உன் இஷ்டம்தான். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தல.”

நிச்சயம் முடிந்த நாளிலிருந்து என் காதில் விழுவது இதுதான். அம்மா சொல்கிறாள். பெரியம்மா சொல்கிறாள். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் அக்கா போனில் சொல்கிறாள். அவரும் சொல்கிறார். சொல்லிவிட்டு எல்லாரும், பேசி வைத்துக்கொண்டது மாதிரி, ஒரு மூச்சு விடுகிறார்கள். அதற்கப்புறம் வருகிறது அந்த ‘ஆனா’.

ஆனா, போட்டோ காலத்துக்கும் இருக்கும். ஆனா, மண்டபத்து லைட்டுல முடி தனித்தனியாத் தூக்கிட்டுத் தெரியும். ஆனா, அவங்க வீட்டுல எல்லாருக்கும் நல்ல முடி. ஆனா, இந்தக் காலத்துல யாரு பண்ணாம இருக்கா? ஆனா, ஒரு தடவைதான.

“முடியை நேராக்கிட்டுத்தான் மணவறையில உக்காரணும்” என்று ஒரே போடாகப் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஜெயித்தோ தோற்றோ ஒரு வழியாக முடிந்திருக்கும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. என் வாயாலேயே சரி சொல்ல வைத்துவிட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் “நீதான ஆசைப்பட்டுப் பண்ணிக்கிட்ட” என்று கை கழுவ இப்போதே இடம் போட்டு வைக்கிறார்கள்.

என் இஷ்டமாம். இதற்கு முன்னால் எப்போது கேட்டீர்கள் என் இஷ்டத்தை?

அஞ்சு வயதில் கேட்டீர்களா? விடிவதற்கு முன்னால் எழுப்பி, முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்து, காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு உச்சியிலிருந்து இழுப்பீர்களே, அப்போது? சுருட்டை முடியை ஈரத்தில்தான் சிக்கெடுக்க வேண்டும், அதுவும் நுனியிலிருந்து மேலே மேலே போக வேண்டும் என்பதை எனக்கு இருபது வயதுக்கு மேல் யாரோ முகம் தெரியாத பெண் வீடியோவில் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரைக்கும் வலித்ததெல்லாம் என் முடியின் குற்றம். சீப்பு உடைந்தால் என் முடியின் குற்றம். ஸ்கூல் வேன் போய்விட்டால் அதுவும் என் முடியின் குற்றம். “சனியம் புடிச்ச முடி, உங்க அப்பா குடும்பத்து முடி” என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்வாள். மாமியார் மேல் காட்ட முடியாத கோபத்தை அவள் என் தலையில் வாரித் தீர்த்துக்கொண்டாள் என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய? வலித்தது எனக்கு.

அந்த மாமியார், என் ஆச்சி, பாவம், என் தலையைத் தடவிக்கொண்டே ஒரு சொலவடை சொல்வாள். கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும் என்று. எங்கள் தென்காசிப் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பெண் பார்க்க வருகிற ஒருத்தராவது “எங்களுக்குச் சோறு போடுற முடிதான் வேணும்” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. குடியைக் கெடுக்கிற முடியைத்தான் எல்லாரும் தேடி அலைகிறார்கள்.

என் தம்பிக்கும் இதே முடி. அச்சு அசலாக இதே முடி. அவன் காலேஜ் போனபோது கொஞ்சம் வளர்த்துவிட்டான். “ஆம்பளப் பிள்ளைக்குச் சுருட்டைதான் அழகு, கிருஷ்ணர் மாதிரி இருக்கான்” என்றாள் இதே பெரியம்மா. காலண்டரில் வெண்ணெய்ச் சட்டியோடு உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு நெற்றியில் சுருள் சுருளாக விழுந்தால் கொள்ளை அழகு. எனக்கு விழுந்தால் பரட்டை.

பள்ளிக்கூடத்தில் கேட்டார்களா? ரெட்டை ஜடை, மடித்துக் கட்டி, ரிப்பன் வைக்க வேண்டும். சுருட்டை முடி எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் பத்து மணிக்கு மேல் காதோரம் எழும்பிவிடும். பிரேயரில் வரிசையை விட்டு வெளியே நிற்க வைப்பார் எங்கள் டீச்சர். “என்ன பிள்ள, கோயில் கொடையில சாமியாடிட்டு நேரா இங்க வாரியா?” மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிக்கும். சிரித்த பிள்ளைகளை நான் இன்றைக்கும் மன்னிப்பேன். அவரை மன்னிக்க மாட்டேன். இப்போது நானும் ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். ஒரு பிள்ளையைப் பார்த்து நாற்பது பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எத்தனை சுலபம், எத்தனை கேவலம் என்று எனக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பில் பின் பெஞ்சுக்காரிகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. என் தலையில் பென்சிலைச் செருகிவிட்டு அது விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பது. எனக்கே தெரியாமல் பென்சிலோடு வீடு வரைக்கும் வந்திருக்கிறேன். இதில் என்ன இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் படிக்கிற வரைக்கும். 1950இல் அங்கே மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒவ்வொருவரும் என்ன இனம் என்று அரசாங்கம் எழுதி வைக்கும். பார்த்தால் தெரியவில்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். வழுக்கிக் கீழே விழுந்தால் வெள்ளை. நின்றுவிட்டால் வெள்ளை இல்லை. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரைக் கட்டலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான். சாண்ட்ரா லைங் என்ற பத்து வயதுப் பிள்ளையை 1966இல் போலீஸை வைத்து வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அவளுடைய அப்பா அம்மா இருவரும் வெள்ளைக்காரர்களாகப் பதிவானவர்கள். அவளுக்குத் தோல் கொஞ்சம் கறுப்பு, முடி சுருட்டை. அவ்வளவுதான்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் கை எப்படி அங்கேயே போனது? அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பெண் பார்க்க வந்த கதைக்கு வருகிறேன். அன்றைக்கு என் முடியை ஒளித்து வைத்தார்கள். அதற்கு வேறு பேர் கிடையாது. முந்தின ராத்திரியே எண்ணெய் தேய்த்து, ஈரத்தோடு இறுக்கிப் பின்னி, காலையில் சவுரி வைத்து நீட்டி, மேலே இரண்டு முழம் பூவைச் சுற்றி, கீழே குஞ்சலம். வந்தவர்கள் பார்த்தது என்னை இல்லை, அந்த ஜடையைத்தான். நிச்சயதார்த்தத்தன்று நான் அடம் பிடித்துத் தலைக்குக் குளித்து, பாதியை எடுத்துக் கட்டி மீதியை விட்டுவிட்டேன். மதினி, அதாவது அவருடைய அக்கா, மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மறுநாள்தான் அம்மாவுக்குப் போன் வந்தது. “ஒண்ணும் இல்ல அத்தை, இப்ப எல்லாரும் ஸ்மூத்தனிங் பண்ணிக்கிடுதாங்க. பிள்ளைக்கு இஷ்டம்னா நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவரிடம் கேட்டேன். இனிமேல் ஆயுசுக்கும் என்னோடு இருக்கப் போகிறவர், அவரிடம்தானே கேட்க வேண்டும்? “எனக்கு எதுவும் இல்ல. அக்காதான் ஆசைப்படுது. உன் இஷ்டம்.” எனக்கு எதுவும் இல்ல! “உன் முடி எனக்குப் பிடிச்சிருக்கு” என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? “எனக்குப் பிடிக்கல” என்று சொல்லியிருந்தாலாவது ஒரு ஆள் என்னோடு பேசுகிறான் என்று இருந்திருக்கும்.

சரி, நான் படித்த பாடத்தை வைத்தே யோசிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். முடி என்பது கெராட்டின் என்ற புரதம். அந்தப் புரதச் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவை டைசல்ஃபைடு பிணைப்புகள். பார்லரில் தடவுகிற கிரீம் அந்தப் பிணைப்பை உடைக்கும். நம் ஊரில் பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைகோலேட். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்திய ரிலாக்ஸரில் சோடியம் ஹைட்ராக்சைடு. லேபில் அதன் பாட்டிலைத் தொட பிள்ளைகளை நான் விடுவதில்லை. உடைத்த பிறகு முடியைக் கழுவி, காயவைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் இரும்புத் தகட்டுக்கு நடுவில் வைத்து இழுத்து, பிறகு பெராக்சைடு மாதிரி ஒன்றைப் போட்டு, உடைந்த பிணைப்புகளை நேரான நிலையிலேயே மறுபடி சேர வைப்பார்கள். எல்லாம் சேராது. அதனால்தான் பண்ணிய முடி பாதியில் அறுகிறது.

இவ்வளவும் நடப்பது வெளியே வந்துவிட்ட முடியில். முடி சுருள்வது மண்டைத்தோலுக்குள்ளே, அது முளைக்கிற குழியின் வளைவால். அந்தக் குழியை எந்தக் கிரீமாலும் நிமிர்த்த முடியாது. மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும். ஆறு மாதம் போனால் மேலே விரல் நீளத்துக்குச் சுருட்டை, கீழே தொங்கலாக நேர் முடி, இரண்டும் சேருகிற இடத்தில் பலமே இருக்காது. அப்போது என்ன செய்ய வேண்டும்? மறுபடி அதே நாற்காலி. இல்லையென்றால் மொட்டையடித்த மாதிரி வெட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ‘ஒரு தடவைதான’ என்று சொல்கிறார்களே, அதைவிடப் பெரிய பொய் இந்தக் கல்யாணத்தில் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தானாம்! மீசையாவது திரும்ப மீசையாகவே முளைக்கும்.

கூத்து என்று சும்மா சொல்லவில்லை. மேக்கப் போடுகிற பெண் ரிசப்ஷனுக்கு மாடல் படம் அனுப்பியிருக்கிறாள். என்ன தெரியுமா? இடுப்பு வரைக்கும் சுருள் சுருளாக விட்ட முடி. ‘சாஃப்ட் கர்ல்ஸ்’. சூடான குழலில் முடியைச் சுற்றிச் சுற்றிச் சுருட்டுவார்களாம். சுருட்டை முடியை மருந்து போட்டு நேராக்கி, நேராக்கியதைச் சூடு போட்டுச் சுருட்டி, அதைப் போட்டோ எடுக்க வேண்டும். இதைச் சொல்லி நான் சிரித்தபோது வீட்டில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. “அது வேற சுருட்டை” என்றாள் சித்தி.

தயோகிளைகோலேட் வேண்டாம் என்றால் கெராட்டின் பண்ணிக்கோ, அது சத்து, அது ட்ரீட்மென்ட் என்கிறார்கள். கெராட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று தினம் ஒரு பேர். கெராட்டின் என்று விற்பதில் நிறையவற்றில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைடு, இல்லையென்றால் சூடுபட்டதும் அதை வெளியே விடுகிற ஏதோ ஒன்று. அதன் நீர்க்கரைசல்தான் ஃபார்மலின். நம் பள்ளிக்கூட விலங்கியல் லேபில் தவளையையும் பாம்பையும் ஜாடிக்குள் ஊறப்போட்டிருக்குமே, அது.

அம்மா, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2018 ஜூன் மாதம். கேரளாக்காரர்கள் எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் போட்ட மீனை டன் கணக்கில் பிடித்தார்கள். வாளையாரில் பிடித்தார்கள், நம்மூருக்குப் பக்கத்தில் ஆரியங்காவில் பிடித்தார்கள். டிவியில் பார்த்துவிட்டு நீ என்ன செய்தாய்? அன்றைக்கு வாங்கி வைத்திருந்த சாளையைக் குப்பையில் கொட்டினாய். அதற்கப்புறம் பல மாதம் நம் வீட்டில் மீன் கிடையாது. அப்பா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். “பிணத்துக்குப் போடுற மருந்த நம்ம வீட்டுச் சட்டிக்குள்ள விடமாட்டேன்” என்றாய். சட்டிக்குள் ஆகாதது என் தலையில் ஆகுமா? மீன் மேல் இருந்த அக்கறை மகள் மேல் எங்கே போனது?

பாட்டிலில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று போட்டிருக்கிறதே என்று பார்லர்க்காரம்மா காட்டினார். போட்டிருக்கும். 2010இல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை, அப்படியே எழுதியிருந்த பிரேசில் வகைக் கரைசலைச் சோதித்துப் பார்த்தது. 6 சதவீதத்துக்கு மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. சரி, உண்மையிலேயே அது இல்லாதது என்று கிளையாக்சிலிக் அமிலம் போட்ட புதுசு வந்தது. 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு 26 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். என் வயசுக்காரி. முடியை நேராக்க பார்லருக்குப் போன மூன்று தடவையும் வாந்தி, காய்ச்சல், முதுகுவலி, மூன்று தடவையும் சிறுநீரகம் அடிபட்டது. தலையில் தடவியதில் அந்த அமிலம் 10 சதவீதம் இருந்தது. அதே கிரீமை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கிட்னிக் கல் என்று நாம் சொல்வோமே, அதே பொருள்.

இன்னொன்றும் படித்தேன். 2022 அக்டோபரில் வந்த அமெரிக்க ஆய்வு. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். முடியை நேராக்கும் மருந்து போடாதவர்களுக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருகிற வாய்ப்பு 1.64 சதவீதம், ஒரு வருடத்தில் நான்கு முறைக்கு மேல் போட்டவர்களுக்கு 4.05. நான் அறிவியல் வாத்தியார், அளவுக்கு மேல் பேசமாட்டேன். ஒருமுறை போட்டால் நோய் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது வேறு, இதனால்தான் அது என்பது வேறு. வகுப்பில் நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்த எண்களை அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது கிடைத்த பதில் இருக்கிறதே: “ரொம்பப் படிச்சா இப்படித்தான்.”

அந்த ஆய்வில் இந்த மருந்துகளைப் போட்டதாகச் சொன்னவர்களில் சுமார் 60 சதவீதம் கறுப்பினப் பெண்கள். ஆசைக்குப் போட்டவர்களும் இருப்பார்கள். போடாவிட்டால் வேலை கிடைக்காது, பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள் என்று போட்டவர்கள் எத்தனை பேர்! இயற்கையான முடியைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 2019இல் கலிஃபோர்னியா சட்டமே போட வேண்டிவந்தது. கிறிஸ் ராக் என்ற நகைச்சுவை நடிகர் 2009இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். அவருடைய சின்ன மகள் “அப்பா, எனக்கு ஏன் நல்ல முடி இல்லை?” என்று கேட்டாளாம்; அதிலிருந்து புறப்பட்ட படம். அந்தத் தேடல் அவரை நம் பக்கம் வரைக்கும், கோயிலில் மொட்டை போடுகிற இடம் வரைக்கும் கூட்டி வந்தது. நாம் சாமிக்குக் கொடுத்த முடி ஏலம் போய், கப்பலேறி, அங்கே சுருட்டை முடிக்காரிகளின் தலையில் நேர் முடியாகத் தைக்கப்படுகிறது. ‘நல்ல முடி’. என் வீட்டார் வாயில் வந்ததும் அதே வார்த்தைதான்.

பெரியம்மா மகள் அக்கா ஒருத்தி இருக்கிறாள். கல்யாணத்துக்காகப் பண்ணிக்கொண்டாள். மூன்று நாள் தலையில் தண்ணி படக் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது, கிளிப் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. பூ வைக்காத கல்யாணப் பெண்! எரிச்சல் தாங்காமல் பாதியில் கழுவச் சொல்லியிருக்கிறாள். “இன்னும் பத்து நிமிஷம் மேடம்” என்று உட்கார வைத்திருக்கிறார்கள். பின் கழுத்தோரம் புண். அதன் மேல் தாலி, தாலிக்கு மேல் மாலை. எல்லாப் போட்டோவிலும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பிள்ளை பெற்றால் எல்லாருக்கும்தான் கொட்டும், அந்த மருந்தால்தான் கொட்டியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று வருடமாக அவள் மருந்தை விட முடியாமல் இருக்கிறாள். ஏன் விட முடியவில்லை என்று கேட்டேன். “அவங்க வீட்டுல என் முடி நேர் முடின்னே நினைச்சிட்டாங்க” என்றாள். அவளுடைய மாமியாருக்கு இன்னும் தெரியாதாம். பெரியம்மா, உங்கள் மகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கே போகிறாள் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் என்னிடம் “என் இஷ்டம்” பற்றிப் பேசுகிறீர்கள்.

பார்லருக்கு நான் விசாரிக்கப் போனபோது ஒரு சின்னப் பெண் யாருக்கோ தலையில் அயர்ன் வைத்துக்கொண்டிருந்தாள். ஏசிக்காக ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. புகை எழுந்து அவள் முகத்தில்தான் போனது. துப்பட்டாவை மூக்கில் சுற்றியிருந்தாள், கண் சிவந்து தண்ணி வடிந்தது. நான் ஒருநாள் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுவேன். அவள் தினமும் நிற்கிறாள். அவளுடைய இஷ்டத்தை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் சொன்னால், அப்படியென்றால் பண்ணாதே, முடிந்தது, எதற்கு இத்தனை ஒப்பாரி என்பீர்கள். அங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எனக்கு ஆசை இல்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. குளித்துவிட்டு வந்தவுடன், ஈரம் சொட்டச் சொட்ட, என் முடி கனத்தில் நேராகத் தொங்கும். காயத் தொடங்கியதும் சுருளும். அந்தக் கொஞ்ச நேரம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நான் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து நின்றிருக்கிறேன். அது என் ஆசையா? பிரேயர் மைதானத்தில் என்னை வெளியே நிற்க வைத்தவரின் ஆசையா? ஷாம்பூ விளம்பரத்தின் ஆசையா? காய்ந்த முடியில் சீப்பைப் போட்டு இழுத்தவளின் ஆசையா? இருபது வருடமாக ஆளாளுக்கு ஒன்றை உள்ளே போட்டு அமுக்கிவிட்டு, இப்போது வந்து “உனக்கு என்ன வேணும், நீயே சொல்லு” என்றால் நான் எதைத் தோண்டி எடுத்துச் சொல்ல? முடியைக்கூட விடுங்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியாமல் ஆக்கிவிட்டீர்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

எனக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. 2015இல் ‘பிரேமம்’ வந்தது. மலையாளப் படம்தான், ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தோம். அனுபமா பரமேஸ்வரன் அத்தனை சுருட்டையையும் அப்படியே விட்டுக்கொண்டு வருவார், ஊர்ப் பையன்கள் எல்லாரும் பின்னால் சுற்றுவார்கள். அந்த வருடம் நானும் முடியை விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஒரு பிள்ளை “அக்கா, உங்க முடி சூப்பர்” என்றது. அன்றைக்கு எனக்கு என் முடி பிடித்திருந்தது. அது நிச்சயமாகத் தெரியும். வீட்டுக்கு வந்தேன். “முடிய விரிச்சுப் போட்டுட்டு எங்க போயிட்டு வார? கட்டு முதல்ல” என்றாள் அம்மா. அதுதான் என் இஷ்டத்துக்கு இந்த வீட்டில் கிடைத்த ஆயுசு.

நேராக்கிக்கொள்கிற பெண்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. காசு அவர்களுடையது, தலை அவர்களுடையது. வேலைக்குப் போகிற அவசரத்தில் தினம் சிக்கெடுக்க முடியாமல் பண்ணுகிறவர்கள் உண்டு, வேடிக்கைக்குப் பண்ணுகிறவர்கள் உண்டு. என் வகுப்பில் படித்த பிள்ளை ஒருத்தி முதல் சம்பளத்தில் பண்ணிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது, சொன்னேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் யாரிடமும் கடன் வாங்க முடியாது. என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் எனக்கு வருவது சந்தோஷம் இல்லை, “அப்பாடா, எல்லாரும் சும்மா இருப்பாங்க” என்ற நிம்மதி. அதற்கு எட்டாயிரம் ரூபாய். முன்பணம் மதினி கட்டிவிட்டார், என்னைக் கேட்காமல்தான்.

பார்லரில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் அச்சடித்திருக்கிறது: மருந்தால் ஒவ்வாமை, எரிச்சல், முடி உதிர்தல், முடி அறுதல் எது ஏற்பட்டாலும் நிர்வாகம் பொறுப்பல்ல, சாதக பாதகங்களை அறிந்து என் சொந்த விருப்பத்தின் பேரில் செய்துகொள்கிறேன். கீழே ஒரே ஒரு கோடு, வாடிக்கையாளர் கையொப்பம். அம்மா கையெழுத்துக்கு இடம் இல்லை. மதினி கையெழுத்துக்கு இல்லை. ‘எனக்கு எதுவும் இல்ல’ என்பவர் கையெழுத்துக்கும் இல்லை. நான் அந்தக் கோட்டுக்குக் கீழே ஸ்கேல் வைத்து இன்னும் ஆறு கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒவ்வொருத்தர் உறவுமுறையை எழுதி, போட்டோ எடுத்து நேற்றுச் சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். “என் சொந்த விருப்பம் என்பதை வெட்டிவிட்டு ‘எங்கள் விருப்பம்’ என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், சனிக்கிழமை போய் உட்காருகிறேன்” என்று கீழே எழுதினேன்.

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நீலக் குறி வந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை பெரியப்பா ஒரு ரோஜாப்பூ படம் போட்டு ‘குட் மார்னிங்’ என்றிருக்கிறார். அதற்குக் கீழே சித்தி கும்பிடு போட்டிருக்கிறாள். மதினி தனியாக எனக்குப் போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. குரூப்பில் சொல்லட்டும்.